முட்டை ஏன் பொரியவில்லை? இன்குபேட்டரில் முதல் முறை அடை வைப்பவர்களுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

21 நாள் காத்திருந்தும் பாதி முட்டைகூடப் பொரியவில்லை என்றால், முதல் சந்தேகம் இன்குபேட்டர் மேல்தான் விழும். மெஷினை மாற்றிவிடலாமா என்று தோன்றும். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: கரு எந்த நாளில் நின்றது? நாள் தெரிந்தால் காரணம் பாதி பிடிபட்ட மாதிரி. முதல் வாரத்தில் நின்றிருந்தால் முட்டையின் வயது, சேமித்த விதம், தொடக்க நாட்களின் சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றிருந்தால் தாய்க்கோழியின் தீவனம், கிருமி, கரண்ட் போன நேரம். கடைசி மூன்று நாளில் நின்றிருந்தால் ஈரப்பதம், காற்று, புரட்டல், மூடியைத் திறந்த கை.

கீழே உள்ளவற்றில் உங்கள் முட்டைக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்: தெர்மாமீட்டர் உண்மை சொல்கிறதா?

இன்குபேட்டரின் திரையில் 37.5 என்று இருப்பதால் முட்டைக்கு 37.5 கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. சென்சார் ஒரு மூலையில் இருக்கும், முட்டை இன்னொரு மூலையில் இருக்கும். அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். ஒரு டிகிரி என்பது நமக்குச் சின்ன விஷயம். இரவும் பகலும் அதே சூட்டில் கிடக்கும் கருவுக்கு அது பெரிய விஷயம்.

சரிபார்க்க எளிய வழி, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். அந்த 37, 38 டிகிரி அளவில் துல்லியமாகக் காட்டத்தான் அதைச் செய்கிறார்கள். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அதையும் இன்குபேட்டருக்குள் வைக்கும் தெர்மாமீட்டரின் முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் கலக்கிக்கொண்டே பாருங்கள். எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இன்குபேட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஐஸ் தண்ணீரில் 0 டிகிரி சரியாகக் காட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். 0-வில் சரியாக இருப்பது 37-லும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஈரப்பதமானிக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாகப் போட்டு, ஓர் இரவு முழுக்க அறை வெப்பத்தில் விடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால், உங்கள் கருவி 7 குறைத்துச் சொல்கிறது.

இனி எண்கள். ஃபேன் உள்ள இன்குபேட்டரில் 37.5 முதல் 37.8 டிகிரி, அதாவது சுமார் 99.5 முதல் 100 ஃபாரன்ஹீட். ஃபேன் இல்லாததில் சூடு மேலே தேங்கும். அதனால் முட்டையின் மேல்பக்க உயரத்தில் தெர்மாமீட்டரை வைத்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். ஃபேன் இல்லாத பெட்டிக்கு ஃபேன் உள்ளதன் எண்ணை வைத்துவிடுவது முதல் முறை செய்பவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. ஈரப்பதம் முதல் 18 நாளுக்கு 45 முதல் 50 சதவீதம், அதன் பிறகு 65 முதல் 70. நாள் எண்ணும்போது வைத்த நாளை 0 என்று எடுங்கள். 24 மணி நேரம் முடிந்தால்தான் 1.

ஏழாம் நாள் டார்ச் அடித்தால் முட்டை வெறுமையாகத் தெரிகிறது

இருட்டு அறையில், முட்டையின் அகன்ற முனையில் சின்ன டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து நாலாபக்கமும் ஓடும் சிவந்த நரம்புகளும் தெரியும். கொஞ்ச நேரம் அசைக்காமல் பிடித்தால் அந்தப் புள்ளி துள்ளுவதையும் பார்க்கலாம். அப்படி எதுவும் இல்லாமல் மஞ்சள்கருவின் நிழல் மட்டும் மிதந்தால் அது கூமுட்டை. அடர் பழுப்பு ஓடாக இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். அதில் நரம்பு தெளிவாகத் தெரியாது, பத்தாம் நாள் இன்னொரு முறை பாருங்கள்.

கூமுட்டையிலும் இரண்டு வகை உண்டு. கரு கூடவே இல்லாதது ஒன்று. கூடிய கரு முதல் ஓரிரு நாளில் நின்றுபோனது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வைக்காத முட்டையில் இரண்டு மூன்றை உடைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மஞ்சள்கரு மேல் ஒழுங்கில்லாத சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் கரு கூடவில்லை. நடுவில் தெளிவும் சுற்றி வெள்ளை வளையமுமாக வட்டம் இருந்தால் கூடியிருக்கிறது.

கரு கூடவில்லை என்றால் இன்குபேட்டரில் கை வைத்துப் பயனில்லை, சேவலைப் பாருங்கள். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை போதும். சேவல் வயதானதாக, கால் நோவுள்ளதாக, அல்லது விட்டுச் சில நாட்களே ஆனதாக இருக்கலாம். கடையில் விற்கும் பண்ணை முட்டையை வைத்திருந்தால் அதில் சேவல் சம்பந்தமே இருக்காது.

கரு கூடியும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்றால் சேமித்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். ஏழு நாளுக்குள் சேர்த்த முட்டைதான் நல்லது. பத்து நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறையும். பொரித்தாலும் சில மணி நேரம் தாமதமாகும். சேமிக்க ஏற்றது 13 முதல் 18 டிகிரி, கூரான முனை கீழே. சாப்பாட்டு ஃப்ரிட்ஜ் அதற்கு மிகவும் குளிர். வெயில் அறையில் கிடந்த முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, நின்று, பிறகு எழாமலே போய்விடும்.

நரம்பு இல்லை, ஒரு சிவப்பு வளையம் தெரிகிறது

இது ரத்த வளையம். கரு வளரத் தொடங்கி, பெரும்பாலும் இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் நின்றிருக்கிறது. ரத்தம் கருவை விட்டு விலகி ஓரத்தில் வட்டமாகத் தேங்கிவிட்டது. இது திரும்ப உயிர் பெறாது, எடுத்துவிடுங்கள்.

ஒன்றிரண்டில் இருந்தால் இயல்பு. ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் முதல் மூன்று நாளின் சூடு ஏறியிருக்கிறது என்பதுதான் முதல் ஊகம். குளிர்ந்த முட்டைகளை உள்ளே வைத்ததும் திரையில் எண் சரியும். பதறி குமிழைத் திருகிவிட்டால், முட்டைகள் சூடான பிறகு எண் 39, 40 என்று ஏறி நிற்கும். இன்குபேட்டரை ஒரு நாள் முன்பே ஓடவிட்டு எண்ணை நிலைநிறுத்துங்கள். முட்டைகளை அறை வெப்பத்துக்கு வரவிட்டு வையுங்கள். வைத்த பிறகு ஐந்தாறு மணி நேரம் குமிழைத் தொடவே தொடாதீர்கள். தொலைவிலிருந்து வாகனத்தில் குலுங்கி வந்த முட்டையாக இருந்தால், அகன்ற முனை மேலாக ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

காற்றின் சூடு ஆடலாம், முட்டையின் உட்சூடு அவ்வளவு வேகமாக ஆடாது. ஹீட்டர் அணைந்து எரியும்போது எண் அரை டிகிரி ஆடினால் கவலை வேண்டாம். ஆட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால், பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஜன்னல் வெயில், ஏசி காற்று, அடிக்கடி திறக்கும் கதவு, மூன்றும் ஆகாது. ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று தினமும் காது கொடுங்கள். ஃபேன் நின்றால் திரையில் எண் சரியாகவே இருக்கும், ஒரு மூலை முட்டை வெந்துகொண்டிருக்கும்.

சூடு குறைவது தாமதம் தரும். சூடு கூடுவது கொல்லும். சில மணி நேரம் 35-க்கு இறங்கினால் பெரும்பாலான முட்டைகள் தாங்கும். 40-ஐத் தாண்டி அதே அளவு நேரம் நின்றால் தாங்காது. ஆகவே எந்தப் பக்கம் தவறுவது என்ற நிலை வந்தால் குறைந்த பக்கமே தவறுங்கள்.

கரண்ட் போய்விட்டது

மூடியைத் திறக்காதீர்கள். பெட்டி மேல் போர்வை போர்த்துங்கள், காற்றுத் துளைகளை மட்டும் முழுக்க அடைக்காதீர்கள். நேரம் நீண்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்திலோ, இடமிருந்தால் உள்ளேயோ முட்டையைத் தொடாமல் வையுங்கள். அடைக்கோழியே தினமும் கொஞ்ச நேரம் இரைக்கு எழுந்து போகிறது. அந்தக் குளிர்ச்சியை முட்டை தாங்குகிறது. கடைசி வாரத்தில் குஞ்சே சூடு விடும் என்பதால் முட்டைகள் மெதுவாகத்தான் குளிரும்.

கரண்ட் வந்ததும் ஈடுகட்டுவதற்காக எண்ணைக் கூட்டாதீர்கள், பழைய எண்ணிலேயே ஓடட்டும். நாலைந்து நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்த முட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போகலாம்.

காற்றறை மிகச் சின்னது, அல்லது மிகப் பெரியது

அகன்ற முனையில் உள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாக வேண்டும். ஓட்டின் நுண்துளை வழியே முட்டையின் ஈரம் வெளியேறுவதுதான் அந்த இடத்தை உண்டாக்குகிறது. குஞ்சு முதல் மூச்சு விடப்போவது அங்கேதான். ஈரப்பதம் அதிகமாக இருந்தால் காற்றறை சின்னதாகவே நிற்கும், குஞ்சு ஈரத்தில் ஊறிப் பருத்து, திரும்ப இடமில்லாமல் தவிக்கும். குறைவாக இருந்தால் காற்றறை பெருத்து, குஞ்சு சுருங்கி, சவ்வு உலர்ந்து ஒட்டும்.

டார்ச் வெளிச்சத்தில் காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு வாராவாரம் ஒப்பிடலாம். அதைவிட நம்பகமானது தராசு. வைக்கும்போது எல்லா முட்டையையும் சேர்த்து எடை போடுங்கள். 18-ஆம் நாளுக்குள் 11 முதல் 13 சதவீதம் குறைய வேண்டும். 50 கிராம் முட்டை சுமார் 44 கிராமுக்கு வர வேண்டும் என்று கணக்கு. ஏழாம் நாள் நாலரை சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தால் சரியான பாதையில் போகிறது. குறைவு போதவில்லை என்றால் தண்ணீர்ப் பள்ளத்தில் ஒன்றைக் காயவிடுங்கள். வேகமாகக் குறைந்தால் தண்ணீரின் பரப்பைக் கூட்டுங்கள்.

பரப்பு என்று சொன்னதைக் கவனிக்கவும். பாத்திரத்தில் எவ்வளவு ஆழம் தண்ணீர் இருந்தாலும் ஈரப்பதம் கூடாது, காற்றைத் தொடும் பரப்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. அகலத் தட்டு வையுங்கள், அல்லது தண்ணீரில் ஒரு ஸ்பாஞ்சை நிறுத்துங்கள். ஈரப்பதம் ஏற வேண்டும் என்று காற்றுத் துளைகளை டேப் போட்டு அடைப்பது மட்டும் கூடவே கூடாது. உள்ளே வளர்வது மூச்சு வாங்கும் உயிர். கடைசி வாரத்தில் அதன் ஆக்சிஜன் தேவை பல மடங்கு கூடும்.

நாற்றம், கசிவு, ஓட்டில் வியர்வை

மூடியைத் திறந்ததும் அழுகல் வாடை வந்தால் அன்றே முட்டை ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். ஓட்டில் தேன் நிறத்தில் சின்னச் சொட்டு உறைந்து நிற்கும் முட்டைதான் குற்றவாளி. அதை அசைக்காமல், குலுக்காமல், ஒரு பிளாஸ்டிக் பையில் இறக்கி வெளியே கொண்டுபோங்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கும். வெடித்தால் மற்ற முட்டைகள் மேல் கிருமி தெறிக்கும்.

காரணம் பெரும்பாலும் எச்சம் பட்ட முட்டை, கீறல் விட்ட முட்டை, அல்லது கழுவிய முட்டை. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு காப்புப் படலம் இருக்கிறது, கழுவினால் அது போய்விடும். குளிர்ந்த தண்ணீர் என்றால் இன்னும் கெடுதல். உள்ளிருப்பது சுருங்கி, அழுக்குத் தண்ணீரைத் துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் அழுக்கு என்றால் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். அதிக அழுக்கு என்றால் வைக்கவே வேண்டாம்.

21-ஆம் நாள் முடிந்தும் ஓர் அசைவும் இல்லை

வைத்த தேதியை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். பிறகு டார்ச். காற்றறைக்குள் ஒரு நிழல் துருத்திக்கொண்டு அசைந்தால் குஞ்சு உள்சவ்வைக் குத்திவிட்டது, இன்னும் ஒரு நாளில் ஓட்டைத் தொடும். காதருகே வைத்தால் மெல்லிய கீச்சொலியோ தட்டும் ஒலியோ கேட்கலாம். எதுவும் இல்லாவிட்டாலும் 23-ஆம் நாள் முடியும்வரை ஓடவிடுங்கள். சூடு அரை டிகிரி குறைவாக இருந்திருந்தால் ஒரு நாளுக்கு மேல் தாமதம் சகஜம். மிதக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்யாதீர்கள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், உயிரோடிருக்கும் குஞ்சு அதிலேயே மூழ்கிவிடும்.

ஓட்டைக் கொத்திவிட்டு அப்படியே நிற்கிறது

அதிகக் குஞ்சுகளை இழப்பது இந்தக் கட்டத்தில்தான், அதிலும் பெரும்பகுதி உதவப் போய்த்தான்.

கொத்திய துளை விழுந்த பிறகு குஞ்சு நீண்ட நேரம் சும்மா இருக்கும். 12 மணி நேரம், 18 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் களைத்துவிட்டது போலிருக்கும். உள்ளே மிக முக்கியமான வேலை நடக்கிறது. நுரையீரல் பொறுப்பேற்கிறது, ஓட்டின் உட்புறம் முழுக்கப் பரவியிருந்த ரத்தக் குழாய்கள் வற்றுகின்றன, மிச்சமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இது முடியும் முன் ஓட்டைப் பிரித்தால் ரத்தம் கசியும், அல்லது மஞ்சள்கருப் பை வெளியே தொங்கும். அந்தக் குஞ்சு பிழைப்பது அபூர்வம்.

எல்லாம் முடிந்ததும் குஞ்சு சுற்றிச் சுற்றி ஓட்டை அறுக்கத் தொடங்கும். அதன் பிறகு வேகம்தான்.

எனவே துளை விழுந்த நேரத்தை எழுதிவையுங்கள். 24 மணி நேரம்வரை எதுவும் செய்யாதீர்கள். அதற்குப் பிறகும் முன்னேற்றம் இல்லை என்றால் துளையின் ஓரத்தில் தெரியும் சவ்வைப் பாருங்கள். வெள்ளையாக, ஈரமாக இருந்தால் இன்னும் பொறுங்கள். பழுப்பேறி, உலர்ந்த காகிதம்போல் இறுகியிருந்தால் குஞ்சு சிக்கியிருக்கிறது. அப்போது மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரப்படுத்துங்கள். மூக்குப் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. துளையை ஒட்டிய ஓட்டைச் சின்னச் சின்னச் சில்லாகக் காற்றறைப் பக்கம் மட்டும் எடுங்கள். ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் நிறுத்துங்கள், திரும்ப வைத்துப் பல மணி நேரம் கழித்துப் பாருங்கள். கடைசி உதறலைக் குஞ்சுக்கே விட்டுவிடுங்கள்.

சவ்வு உலர்வதற்கு முக்கியக் காரணம் மூடி. 18-ஆம் நாள் மாலை தண்ணீரை நிரப்பி, புரட்டுவதை நிறுத்தி, மூடினால் பொரிப்பு ஏறக்குறைய முடியும்வரை திறக்கக் கூடாது. முதல் குஞ்சு கத்துகிறது, பசிக்குமே என்று திறப்பீர்கள்; அந்த நொடியில் வெளியேறும் ஈரம், அப்போது கொத்திக்கொண்டிருக்கும் மற்றக் குஞ்சுகளின் சவ்வை இறுக்கிவிடும். பொரித்த குஞ்சுக்கு உள்ளிழுத்த மஞ்சள்கருவே 48 மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும், அது பட்டினியாக இல்லை. தண்ணீர் விட வேண்டுமென்றால் துளை வழியே மெல்லிய குழாயில் வெதுவெதுப்பாக விடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, பிசின் பூசியதுபோல் குஞ்சு பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் அது வேறு கதை. 18 நாளும் ஈரம் அதிகம், அல்லது சூடு குறைவு, அல்லது புரட்டல் போதவில்லை. வெள்ளைக்கரு முழுக்கச் செலவாகவில்லை.

குஞ்சு வந்துவிட்டது, ஆனால் சரியாக இல்லை

19-ஆம் நாளே வந்து, உடல் சின்னதாக, தொப்புளில் கருப்பு முடிச்சோடு இருந்தால் சூடு அதிகம். சிறிய இனக் கோழிகள் இயல்பாகவே சற்று முந்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். தாமதமாக வந்து, வயிறு பெருத்து மெத்தென்று இருந்தால் சூடு குறைவு. தொப்புள் ஈரமாக, நாற்றத்தோடு இருந்தால் கிருமி. அந்தக் குஞ்சைத் தனியே பிரித்து, இன்குபேட்டரைக் கழுவிக் கிருமிநாசினி போட்டு உலர்த்தாமல் அடுத்த முட்டை வைக்காதீர்கள்.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியாத குஞ்சுக்குப் பெரும்பாலும் காரணம் வழுக்கும் தரை. செய்தித்தாள் விரிக்காதீர்கள், சொரசொரப்பான ரப்பர் விரிப்பு நல்லது. முதல் நாளே கவனித்து, கால்களை இயல்பான அகலத்தில் மென்மையான பேண்டேஜ் பட்டையால் இணைத்துவிட்டால் சில நாட்களில் பல குஞ்சுகள் நேராகிவிடும். விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தால் தாய்க்கோழியின் தீவனத்தில் ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 குறைவாக இருந்திருக்கலாம். நடு வாரத்தில் நின்ற கருக்கள் நிறைய இருந்தாலும் இதையே சந்தேகியுங்கள்.

பொரியாமல் மிச்சமான முட்டைகள்

இவற்றை அப்படியே குப்பையில் போடாதீர்கள். வெளியிடத்தில், கையுறை போட்டு, அகன்ற முனையிலிருந்து ஓட்டை உரித்துப் பாருங்கள். பார்க்க மனம் கனக்கும். ஆனாலும் அடுத்த முறை எதை மாற்றுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

முழுமையாக வளர்ந்து, காற்றறையைக் குத்தாமலே இறந்திருந்தால், ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். தலை கூரான முனையில் இருந்தால் முட்டை தலைகீழாக வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது புரட்டல் குறைந்திருக்கலாம். கையால் புரட்டுபவர்கள் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு, ஒரு நாளைக்கு 3 அல்லது 5 முறை, ஒற்றைப்படை எண்ணில் புரட்டுங்கள். அப்போதுதான் நீண்ட இரவில் தினமும் ஒரே பக்கம் மேலே கிடக்காது. தானாகப் புரட்டும் தட்டு என்றால் அது உண்மையில் சாய்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் தட்டு நகராமல் இருப்பது உண்டு.

ஒவ்வொரு முட்டையிலும் கண்டதை ஒரு வரியில் எழுதுங்கள்: கரு கூடவில்லை, வளையம், பாதி வளர்ச்சி, முழு வளர்ச்சி, கொத்தியது. எந்தக் கட்டத்தில் எண்ணிக்கை குவிகிறதோ அந்த ஒரு காரணத்தை மட்டும் அடுத்த முறை மாற்றுங்கள். சூட்டையும் ஈரத்தையும் புரட்டலையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. குவியல் எங்கும் இல்லாமல் எல்லாக் கட்டத்திலும் ஒன்றிரண்டாகச் சிதறியிருந்தால், இன்குபேட்டரில் எதையும் மாற்ற வேண்டாம்; இன்னும் புதிய முட்டையாகச் சேர்த்து, அதே எண்ணில் வையுங்கள்.